பழைய பக் நீராவி எஞ்சின் கிட்: அழுக்குப் பூச்சுக்கு ஆலோசனை வேண்டும்

வணக்கம் நண்பர்களே. பிரிட்டிஷ் மாடல் கம்பெனியான ஏர்ஃபிக்ஸ் வெளியிட்ட, பக் என்ற சின்ன நீராவி ரயில் எஞ்சினின் பழைய பிளாஸ்டிக் கிட்டைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். பாகங்களை வார்க்கும் அச்சுகள் முதலில் கிட்மாஸ்டர் என்ற இன்னொரு கிட் பிராண்டுடையவை, 1962-இல் ஏர்ஃபிக்ஸ் கைக்கு வந்தவை. நாலே சக்கரம், கொதிகலன் மேல் சேணம் மாதிரி தண்ணீர்த் தொட்டி. எனக்கு ரொம்பப் பிடித்த எஞ்சின் இது.

பாகங்களின் ஓரப் பிசிறுகளைச் சீவி, தொட்டியின் இரு பாதிகளையும் ஒட்டி, இணைப்புக் கோட்டைப் புட்டி வைத்துத் தேய்த்தாகிவிட்டது. அடுத்தது பெயின்ட். சுத்தக் கறுப்பு அடித்தால் இந்தச் சின்ன அளவில் பொம்மை போலத் தெரியும். அதனால் கொஞ்சம் சாம்பல் கலந்த கறுப்பு அடிக்கப் போகிறேன்.

துறைமுகத்தில் உழைத்த எஞ்சின் என்பதால் பளபளப்பு கூடாது. புகைப்பெட்டியில் வெந்துபோன சாம்பல் நிறம், வால்வைச் சுற்றிச் சுண்ணாம்புக் கறை வெள்ளையாக வழிந்த தடம், இணைப்புத் தண்டுகளில் எண்ணெய்ப் பிசுக்கு, இதெல்லாம் வேண்டும். துரு மட்டும் அளவோடு போதும். ஓடுகிற எஞ்சின் முழுக்கத் துருப்பிடித்து நிற்காது.

என் கேள்வி இதுதான். அக்ரிலிக் பெயின்ட் மேல் எண்ணெய் வாஷ் (நீர்க்கக் கரைத்த எண்ணெய் வண்ணம்) கொடுத்து, அப்புறம் அழுக்கு, துரு காட்டும் வண்ணப் பவுடர் தூவினால், கடைசியில் மேட் வார்னிஷ் அடிக்கும்போது பவுடர் மங்கிவிடுகிறதே, எப்படிச் சமாளிக்கிறீர்கள்? டீகால் தாளும் (நனைத்து ஒட்டும் எண், எழுத்துப் படங்கள்) மஞ்சளாகிவிட்டது. தண்ணீரில் போட்டால் நொறுங்குமோ என்று பயம். முதலில் கிளியர் லாக்கர் அடித்துவிட்டு நனைக்கலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், படம் இருந்தால் இன்னும் நல்லது.