ரயிலை விட்டால் பஸ், பஸ்ஸை விட்டால் ரயில்

அப்பா: ராமேஸ்வரம் ரயில் சரியான நேரத்துக்குக் கிளம்பிவிட்டது. நாங்கள் பிளாட்பாரத்தில் நின்று கையசைத்து வழியனுப்பினோம் 😄

நான்: ஐயோ, என்ன ஆச்சு அப்பா?

அப்பா: தெற்குவாசல் பக்கம் ஆட்டோ நின்றுவிட்டது தாயி. டிரைவர் பாவம், காசே வேண்டாம் என்றார். வந்த தூரத்துக்காவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று கையில் திணித்துவிட்டு வந்தேன். இப்போது மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறோம்.

தம்பி: பாம்பன் பாலத்தில் ரயிலில் போக வேண்டும் என்று அம்மா எத்தனை நாளாக ஆசைப்பட்டார்கள். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்ததிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அப்பா: ரயிலுக்குள் இருப்பவனுக்குப் பாலம் எங்கேடா முழுசாகத் தெரியும்? ரோட்டுப் பாலத்தில் பஸ் போகும்போது பார், அந்தப் பக்கம் ரயில் பாலம் மொத்தமும் கண்ணுக்குள் நிற்கும்.

தம்பி: அதுவும் சரிதான். கப்பல் வந்தால் நடுத்துண்டு அப்படியே 17 மீட்டர் மேலே போகும். பழைய 1914 பாலம் இரண்டு பக்கமும் வாய் திறந்த மாதிரி விரிந்தது, இது லிஃப்ட்.

அம்மா: பஸ் ஏறிவிட்டோம். ஜன்னல் சீட்.

*

அப்பா: மானாமதுரை வந்தாச்சு. பஸ்ஸுக்கு டயர் பஞ்சர். ஸ்டெப்னியிலும் காற்று இல்லை.

நான்: அப்பா!!

சித்தப்பா: அண்ணே, இன்றைக்கு யார் முகத்தில் விழித்தீர்கள்?

அப்பா: உன் மதினி முகத்தில்தான். அதனால்தான் பஸ் நல்ல ஊராகப் பார்த்து நின்றிருக்கிறது. பானை, சட்டி வாங்க ஜனம் இங்கே தேடி வருகிறது. நம்மை இறக்கியே விட்டார்கள்.

சித்தப்பா: அதுவும் உண்மைதான். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த மண்பாண்டம். கடம் என்றால் மானாமதுரைதான், கனமாக இருக்கும், நாதம் கணீரென்று வரும்.

அப்பா: வாங்கிவிட்டேன் 😄 பேரனுக்கு ஒரு கடம். கடைக்காரர் விரலால் தட்டித் தட்டி நாலைந்தை ஒதுக்கிவிட்டு இதை எடுத்துக் கொடுத்தார். உன் அம்மாவுக்கு ஒரு மீன் சட்டி.

அம்மா: கொழுந்தனாரே, உங்கள் அண்ணன் சிரிப்பதை மட்டும்தான் குரூப்பில் பார்க்கிறீர்கள். ரயில் போனதும் எனக்குப் படபடவென்று வந்துவிட்டது. இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பெஞ்சில் உட்கார வைத்தார், தண்ணீர் வாங்கிக் கொடுத்தார், மாத்திரை போட்டாயா என்று கேட்டார். நான் நிதானத்துக்கு வந்த அப்புறம்தான் கையசைப்பு எல்லாம்.

சித்தப்பா: மதினி, சின்ன வயதிலிருந்தே அண்ணன் இப்படித்தான். ஒரு சித்திரைத் திருவிழாவில் சைக்கிள் செயின் அறுந்து, அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க முடியாமல் போனது. நான் நடுரோட்டில் உட்கார்ந்து அழுதேன். முதலில் என் காலில் குத்தியிருந்த முள்ளை எடுத்தார். அப்புறம், 'அழகர் எங்கேடா போகப் போகிறார், வண்டியூருக்குத்தானே வருவார்' என்று சொல்லிக் கூட்டிப்போனார். அங்கே தோளில் உட்கார்ந்து அத்தனை பக்கத்தில் சாமியைப் பார்த்தேன். இன்றைக்கு வரைக்கும் எனக்கு அதுதான் திருவிழா.

நான்: சித்தப்பா, இதை நீங்கள் சொன்னதே இல்லையே. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா கூட இருந்தால் எதுவும் கெட்டுப்போகாது என்று எனக்கு எப்போதும் ஒரு தைரியம். ஏன் என்று இப்போது புரிகிறது.

அப்பா: போதும் போதும். முக்கியச் செய்தி: திருச்சியிலிருந்து ராமேஸ்வரம் போகிற ரயில் இனிமேல்தான் இங்கே வருமாம். கடம் விற்றவர் சொன்னார். ஸ்டேஷனுக்கு ஓடுகிறோம்!

*

அம்மா: ரயிலில் இடம் கிடைத்துவிட்டது. துணிப்பை பஸ்ஸிலேயே இருக்கிறது.

அப்பா: கண்டக்டருக்குப் போன் போட்டுவிட்டேன். பையை ராமேஸ்வரம் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்து தருவார். நம் துணி பாலத்தை பஸ்ஸிலிருந்து பார்க்கட்டும், நாம் ரயிலிலிருந்து பார்ப்போம்.

அம்மா: பாலத்தில் போகிறோம். இரண்டு பக்கமும் கடல். கீழே எட்டிப் பார்த்தால் வயிறு கலங்குகிறது, ஆனாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, காற்று வாங்கு, காற்று வாங்கு என்கிறார்.

தம்பி: ❤️ வீடியோ எடுங்கள் அம்மா.

அம்மா: எடுத்தேன். உங்கள் அப்பா விரல்தான் முக்கால்வாசி விழுந்திருக்கிறது. மிச்சத்தில் கடல் தெரிகிறது, அனுப்புகிறேன்.

*

அம்மா: பை கிடைத்துவிட்டது. அப்பா கண்டக்டரோடு உட்கார்ந்து டீ குடிக்கிறார், ஊர் கதை முடிகிற மாதிரி தெரியவில்லை. 22 தீர்த்தமும் ஆட வேண்டும், மதியம் நடை சாத்திவிடுவார்கள். யாராவது போன் போட்டு அவரைக் கிளப்புங்கள்.

தம்பி: இதோ போடுகிறேன் அம்மா.