அப்லேஷனுக்குக் காத்திருக்கிறேன்: இங்கிலாந்தில் இருப்பவர்கள் வழி சொல்லுங்கள்

உறவுகளுக்கு வணக்கம். எனக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் கோளாறு. தொடை இரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, தவறான மின்துடிப்பு கிளம்பும் இடத்தைச் சுட்டு அடைக்கும் அப்லேஷன் சிகிச்சைக்குப் பட்டியலில் பெயர் சேர்த்து ஓராண்டு தாண்டிவிட்டது.

பரிந்துரைத்த நாளிலிருந்து 18 வாரங்களுக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது இங்கே அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ் வகுத்த வரையறை. என் வரையில் அது ஏட்டுச் சுரைக்காய். தொலைபேசியில் கேட்டால், "நீங்கள் பட்டியலில் இருக்கிறீர்கள்" என்கிறார்கள். அதில் எனக்கும் சந்தேகமில்லை!

பக்கவாதம் வராமலிருக்க, இரத்தம் உறைவதைத் தடுக்கும் அபிக்சபான், துடிப்பைக் குறைக்க பிசோப்ரொலால் எடுக்கிறேன். ஆனாலும் படியேறினால் நெஞ்சு படபடக்கிறது. வேலையில் பாதி நாள் களைப்பு. நோயைவிட, தேதி தெரியாததுதான் அதிகம் வதைக்கிறது.

18 வாரம் கடந்தால் வேறு மருத்துவமனைக்கு மாற்றக் கேட்கலாமாம். அப்படி மாறியவர்கள் இருக்கிறீர்களா? புதிய இடத்தில் வரிசையின் கடைசிக்குத் தள்ளினார்களா? நோயாளிகளுக்கு உதவும் பால்ஸ் பிரிவுக்கு எழுதியதால் யாருக்காவது தேதி கிடைத்ததா? வேறொருவர் ரத்து செய்த இடம் வந்தால் உடனே வரத் தயார் என்பதை யாரிடம் சொல்லி வைப்பது, மருத்துவரின் செயலாளரிடமா?

பூண்டு, மூலிகைக் கஷாயம் என்று அன்போடு யாரும் பரிந்துரைக்க வேண்டாம். இரத்தம் உறையாமைக்கான மருந்தோடு அவை ஒத்துப்போகாமல் போகலாம். அனுபவப்பட்டவர்கள் எந்த ஊர், எவ்வளவு காலம் ஆனது என்று மட்டும் எழுதினாலும் போதும்.