இழை: பாடி ஷேமிங் – தமிழில் எப்படி? (கொஞ்சம் அவசரம்)

தேன்மொழி எழுதியது:

குழுவினருக்கு வணக்கம்.

கல்லூரி இதழியல் மாணவர்களுக்கான பாடநூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். 'விளம்பரமும் உடலும்' என்ற இயலில் வண்டி நின்றுவிட்டது. பாடி ஷேமிங் (உடலமைப்பை வைத்து ஒருவரைத் தாழ்வாக உணரவைப்பது) என்ற சொல் தலைப்பிலேயே இருக்கிறது, உள்ளேயும் பத்திக்கு ஒருமுறை வருகிறது.

இயலின் முதல் எடுத்துக்காட்டு, 2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் ஜாக்சன்வில்லில் பீட்டா என்ற விலங்குரிமை அமைப்பு வைத்த விளம்பரப் பலகை. நீச்சலுடையில் பருமனான ஒரு பெண். கூடவே 'திமிங்கிலங்களைக் காப்பாற்றுங்கள், கொழுப்பைக் குறையுங்கள், சைவத்துக்கு மாறுங்கள்' என்ற பொருளில் வாசகம். கொழுப்புக்கு அவர்கள் போட்ட ஆங்கிலச் சொல் திமிங்கிலத்தின் தோலடிக் கொழுப்புக்கு உரியது. மனிதரைப் பார்த்துச் சொன்னால் வசை. எதிர்ப்பு கிளம்பியதும் பலகையை எடுத்தார்கள். எடுத்த கையோடு மாற்றுப் பலகை ஒன்று வைத்தார்கள்: 'போயே போச்சு', சைவத்துக்கு மாறியவர்களின் எடை போனதைப் போல என்று! பலகையை எடுத்ததையே அடுத்த விளம்பரமாக ஆக்கிக்கொண்டார்கள்.

நாளிதழ்களில் உருவக்கேலி என்று வருகிறது. அதையே போட்டுவிடலாமா, இதைவிடப் பொருத்தமாக ஏதும் உண்டா?

வகுப்பறை எழுதியது:

உருவக்கேலியே போதும் தேன்மொழி. என் மாணவர்கள் வாயில் ஏற்கெனவே புழங்குகிறது. வழக்கில் வந்துவிட்ட சொல்லை எடுத்துவிட்டு நாம் ஒன்றைச் செய்து வைத்தால், அதற்கு விளக்கம் சொல்லியே என் பாதி வகுப்பு போய்விடும்.

ஒன்று மட்டும். 'க்' விடாமல் போடுங்கள். உருவம் + கேலி, மகர ஒற்று கெட்டு வல்லினம் மிகும். பல இடங்களில் 'உருவ கேலி' என்று பிரித்துப் போடுகிறார்கள், சேர்த்தால் 'உருவகேலி' ஆகிறது. உருவகத்தைப் பற்றிய கேலியோ என்று போன பருவத்தில் ஒரு பையன் கேட்டான்.

சொல்லேர் எழுதியது:

அன்புள்ள வகுப்பறை ஐயா,

புழங்குகிறது என்பதற்காக ஏற்றுக்கொண்டால் இந்தக் குழுவே எதற்கு? 'கேலி' வடசொல். சென்னைப் பல்கலைக்கழக அகராதியைப் பிரித்துப் பாருங்கள். 'உரு' நம்முடையது, ரூபம் அதிலிருந்து போனது என்பது என் துணிபு. (இதற்கு மறுப்பு வரும் என்று தெரியும், தனி இழையில் வாருங்கள்.)

நமக்குச் சொல் கடன் வாங்கவேண்டிய தேவையே இல்லை. 'உருவுகண்டு எள்ளாமை வேண்டும்' என்று வள்ளுவர் 667ஆம் குறளிலேயே முடித்துவிட்டார். அவர் சொன்ன 'உருவு கண்டு எள்ளல்' தானே இது? உரு + எள்ளல் = உருவெள்ளல். 'உரு' முற்றியலுகரம் என்பதால் வகர உடம்படுமெய், புணர்ச்சியில் பழுதில்லை. தொல்காப்பியர் நகை பிறக்கும் நான்கு இடங்களில் எள்ளலைத்தான் முதலில் வைக்கிறார்.

எள்ளல், இளக்காரம், இளிவு, இழிவு, ஈளை எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். 'இள்' என்றொரு வேர் கண்ணில் படும். தாழ்தல், மெலிதல் என்பது அதன் கருத்து. 'இளமை'கூட அங்கிருந்துதான். எள் என்ற தானியத்துக்கும் அதன் சிறுமையால்தான் அப்பெயர் என்று நான் வெகுநாளாகச் சொல்லிவருகிறேன்.

வகுப்பறை எழுதியது:

ஈளை இருமலையும் சேர்த்துவிட்டீர்களே! உருவெள்ளல் என்று கரும்பலகையில் எழுதினால் 'உருவெள்ளம்' என்று படித்து, எந்த ஊரில் வெள்ளம் என்பார்கள்.

குறள்நேயன் எழுதியது:

குறள் என்றதும் நுழைகிறேன், பொறுத்தருள்க. 667ஐ எடுத்தவர் 251ஐ ஏன் விட்டார்? 'தன்னூன் பெருக்கற்குத் தான்பிறிது ஊனுண்பான் எங்ஙனம் ஆளும் அருள்.' புலால் மறுத்தல் அதிகாரத்தின் முதல் குறளே, உன் சதையைப் பெருக்கிக்கொள்ள இன்னொன்றின் சதையைத் தின்கிறாயே என்கிறது. ஜாக்சன்வில் பலகைக்கு முன்னோடி நம்ம ஐயன்தானா என்று ஒரு குறும்பு எண்ணம் வந்தது.

குறும்பை விட்டுப் பார்த்தால் இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் தெரிகிறது. வள்ளுவர் தின்பவனின் இடுப்பை அளக்கவில்லை. ஒல்லியானவன் ஊன் தின்றாலும் அதே கேள்விதான், 'அருள் எங்கே?' பலகைக்காரர்கள் அருளை விட்டுவிட்டு அளவைப் பிடித்துக்கொண்டார்கள். விலங்குக்காகத் தொடங்கிய அமைப்பு, வாசகத்தில் விலங்கு வசைச்சொல்லாக வருகிறது! திமிங்கிலத்துக்கு இதில் என்ன மரியாதை?

தவிர, நெய் ஒழுகும் அல்வாவும் எண்ணெயில் மிதக்கும் போண்டாவும் எந்தக் காலத்தில் அசைவமாயின? சைவம் தின்றே பருத்தவன் எழுதுகிறேன்.

யாழ்வாசி எழுதியது:

வணக்கம். எங்கட பக்கத்தில 'ராகிங்'கிற்குப் பகிடிவதை என்றுதான் சொல்லுவினம். பேப்பரிலயும் அதுதான், பல்கலைக்கழகச் சுற்றறிக்கையிலும் அதுதான். முதலில் பகிடி என்றுதான் தொடங்கும், பிறகு வதையாகப் போய் முடியும், இரண்டும் அந்த ஒரு சொல்லில் இருக்குது. அதே அச்சில் உருவவதை என்று வையுங்கோ. கேலி என்றால் 'சும்மா பகிடிக்குச் சொன்னது' என்று தப்பிக்க இடமிருக்கு. வதை என்றால் இல்லை.

இன்னொன்று. 'சைவத்துக்கு மாறுங்கள்' என்று எழுதினால் எங்கட ஆக்கள் மதமாற்ற நோட்டீஸ் என்றுதான் நினைப்பினம். மரக்கறி உணவு என்று போடலாமே?

சொல்லேர் எழுதியது:

வதையும் வடசொல்லே. மரக்கறிக்கு என் முழு ஆதரவு. ஐயங்கார் வீட்டுத் திருமணத்துக்கும் 'சைவச் சாப்பாடு' என்று சமையற்காரருக்கு முன்பணம் கொடுக்கும் நாட்டில் இந்தக் குழப்பம் தீரவேண்டும்.

வகுப்பறை எழுதியது:

தமிழ்நாட்டில் மரக்கறி என்றால் சமையற்காரர் வெறும் காய்கறிப் பட்டியலைத்தான் எதிர்பார்ப்பார். தயிர் உண்டா என்று கேட்பார். அப்புறம் பால், தயிரும் சேர்க்காத நனிசைவமா என்று அடுத்த கேள்வி வரும். இழை சைவத்தைப் பற்றியதல்ல.

காளையர் எழுதியது:

பீட்டாவுக்காகத் தமிழில் சொல் தேடுகிறீர்களா? 2017 ஜனவரியில் மெரினாவில் நாங்கள் அவர்களுக்குத் தேடிக் கொடுத்த சொற்களே போதும். ஜல்லிக்கட்டை நிறுத்தக் கோர்ட்டு ஏறியவர்கள்

மட்டுறுத்துநர் எழுதியது:

காளையர் மடலின் எஞ்சிய பகுதி நீக்கப்பட்டது. ஜல்லிக்கட்டுக்குப் பழைய இழை இருக்கிறது, 200 மடலுக்கு மேல். அங்கே போங்கள் தம்பி.

துணையாசிரியை எழுதியது:

நாளிதழில் தலைப்பு வைக்கிறவள் நான். உருவக்கேலியைத் தினமும் போடுகிறேன். போட்டுக்கொண்டே, சொல் பொருந்தவில்லை என்றும் நினைக்கிறேன். இங்கே எல்லாரும் கேலி தமிழா வடமொழியா என்று பார்க்கிறீர்கள். அங்கே கேலி இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை.

ஜாக்சன்வில் பலகையில் கேலி இருக்கிறது, சரி. தேன்மொழியின் நூலில் அடுத்த எடுத்துக்காட்டு அநேகமாக லண்டனாகத்தான் இருக்கும். 2015இல் சுரங்க ரயில் நிலையங்களில் ப்ரோட்டீன் வேர்ல்டு நிறுவனத்தின் எடைக்குறைப்பு விளம்பரம். மஞ்சள் பின்னணி, நீச்சலுடையில் ஒல்லியான ஒரு பெண், 'கடற்கரைக்கு உங்கள் உடம்பு தயாரா?' என்ற கேள்வி. அவ்வளவுதான். யாரையும் குண்டு என்று சொல்லவில்லை, யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. விளம்பரத் தர ஆணையத்துக்கு 378 புகார்கள் போயின. எடைக்குறைப்புக் கூற்றுகளுக்காக அந்த விளம்பரத்தை அப்படியே மீண்டும் போடக்கூடாது என்ற ஆணையம், படமும் வாசகமும் பரவலாகவோ கடுமையாகவோ புண்படுத்தாது என்று முடிவு செய்தது. மறு ஆண்டு மேயர் சாதிக் கான் நகரப் போக்குவரத்தில் இந்த மாதிரி விளம்பரங்களுக்கு இடமில்லை என்று அறிவித்தார். கேலியே இல்லாத அந்தச் சுவரொட்டியை உருவக்கேலி என்றால் மாணவர் கேட்கமாட்டாரா, 'கேலி எங்கே மேடம்?'

கடற்கரைக்குக் கிளம்பினவளைத் தன் உடம்பை நினைத்துக் கூசவைத்து, கூச்சத்துக்கு மருந்தைக் கையில் கொடுத்து, காசு வாங்குவது. ஒருவர் புரதமாவு விற்கிறார், இன்னொருவர் கொள்கை விற்கிறார். சொல் இதைப் பிடிக்க வேண்டும்.

வகுப்பறை எழுதியது:

நியாயம். ஆனால் கூசவைத்தலைப் பெயர்ச்சொல்லாக்கினால் 'உடற்கூச்சம்' வரும். அது கிச்சுகிச்சு. 'நாணவைத்தல்' என்றால் மாப்பிள்ளை பெண் பார்க்க வந்த மாதிரி இருக்கிறது. நமக்கு நாணம் அணிகலன். 'மெய்யிழிப்பு' என்றால் உண்மையை இழித்ததாகப் படிப்பார்கள்.

குறள்நேயன் எழுதியது:

துணையாசிரியை அம்மா சொன்னதும் தொல்காப்பியத்தில் உணர்வுகளைப் பேசும் மெய்ப்பாட்டியலை மறுபடி எடுத்தேன். சொல்லேர் நகையோடு நின்றுவிட்டார். நகை, அழுகை, அதற்கு அடுத்தே வருகிறது இளிவரல். தான் தாழ்ந்துபோனதாக உணரும் உணர்வு அது. பலகை ஒன்றுதான். பார்த்துச் சிரித்துக்கொண்டு காரில் போகிறவனுக்கு நகை, அதே உடம்போடு கீழே நடந்து போகிறவளுக்கு இளிவரல். ஷேமிங் என்பது இரண்டாமவள் பக்கத்துச் சொல். கேலி, எள்ளல் இரண்டுமே முதலாமவன் பக்கத்துச் சொற்கள். ஆகவே உருவிளிவு?

சொல்லேர் எழுதியது:

அருமை! உருவிளிவுக்கு என் வாக்கு. எள்ளல், இளிவு இரண்டும் ஒரே வேர் என்று முதலிலேயே சொன்னேன்.

யாழ்வாசி எழுதியது:

வடிவான சொல்தான். ஆனால் விளங்கவேணுமே. உருவிளிவு என்று சொன்னால் என்ர மகள் ஏதோ தோல் வருத்தம் என்று நினைப்பாள்.

தேன்மொழி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இன்னொரு சிக்கலும் சேர்ந்துவிட்டது. பலகை வைத்தபோது அந்த அமைப்பு விட்ட அறிக்கையில் இடித்தொடை, பலூன் வயிறு என்ற பொருளில் இரண்டு சொற்கள் வருகின்றன. 'இடி போன்ற தொடைகளையும் பலூன் வயிற்றையும் மறைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போவது சுகமா?' என்கிற தொனி. வயிறு பரவாயில்லை. தொடைக்கு என்ன செய்ய?

சொல்லேர் எழுதியது:

நம் மரபில் பெருத்த தொடை புகழ்ச்சி அம்மா! குறங்குக்கு, அதாவது தொடைக்கு, வாழைத்தண்டும் யானைத் துதிக்கையும் உவமை. அமெரிக்கர் திமிங்கிலம் என்று வைதால் நம் புலவர் பிடி (பெண்யானை) என்று வாழ்த்தியிருப்பார். உருவத்தைப் பழிக்கும் நோயே மேற்கிலிருந்து வந்தது.

துணையாசிரியை எழுதியது:

ஐயா, அதே புலவர்தான் இடை இருக்கிறதா இல்லையா என்று ஐயப்பட்டார். துடியிடை, நூலிடை, கொடியிடை. பாதாதிகேசம் என்று கால் முதல் தலைவரை அளவெடுத்தது யார், அமெரிக்கரா? வாழைத்தண்டு இல்லாதவள் அந்தப் பாட்டைக் கேட்டு என்ன நினைத்திருப்பாள் என்று ஒரு புலவரும் எழுதி வைக்கவில்லை. குண்டு, ஒல்லி, கட்டை, நெட்டை என்று வீட்டிலேயே பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிற ஊர் நம்முடையது. மேற்கிலிருந்து வந்தது நோய் அல்ல, நோய்க்குப் பெயர்.

வகுப்பறை எழுதியது:

ஒரு சின்ன இலக்கணக் குறிப்பு. 'திமிங்கிலம் போல' என்று பலகையில் இல்லை. போல என்று இருந்தால் உவமை. பெண்ணின் படத்தை வைத்துத் திமிங்கிலம் என்றே சொன்னால் உருவகம். என் மாணவன் சரியாகத்தான் கேட்டிருக்கிறான், அது உருவகக் கேலியேதான்!

மட்டுறுத்துநர் எழுதியது:

வெள்ளிக்கிழமை நெருங்குகிறது. இதுவரை வந்தவற்றில் உருவக்கேலிக்குக் கைதூக்கியவர்கள் அதிகம், சிலர் களைப்பில் தூக்கியிருக்கலாம். உருவவதை, உருவிளிவு இரண்டும் மாற்றுச் சொற்களாகக் குழுவின் பட்டியலில் ஏறும். மறுப்பு இருந்தால் இன்று இரவுக்குள்.

தேன்மொழி எழுதியது:

தலைப்பிலும் ஜாக்சன்வில் பகுதியிலும் உருவக்கேலி போட்டுவிட்டேன். லண்டன் அடுத்த எடுத்துக்காட்டாக இருக்கத்தான் செய்கிறது. அங்கே சொல்லே இல்லாமல் 'தன் உடலை எண்ணிக் கூசும்படி செய்தல்' என்று விரித்தே எழுதினேன். சைவம் அப்படியே இருக்கிறது, யாழ்வாசி மன்னிக்கவும். முதல் இடத்தில் மட்டும் 'மரக்கறி உணவு' என்று அடிக்குறிப்பு உண்டு.

துணையாசிரியை எழுதியது:

விரித்து எழுதியது சரி. தலைப்பைப் பற்றிய என் மறுப்பு அப்படியே நிற்கிறது. நாளைக்கும் நான் அதையேதான் போடுவேன், இரண்டு பத்தி அகலத்தில் வேறெதுவும் அடங்காது.

சொல்லேர் எழுதியது:

என் மறுப்பையும் பட்டியலில் ஏற்றவும். 'எள்' குறித்துத் தனி இழை தொடங்கியிருக்கிறேன்.

யாழ்வாசி எழுதியது:

அடிக்குறிப்புக்கு நன்றி தேன்மொழி அக்கா. அது சரி, தொடைக்கு என்ன போட்டீங்கள்?

தேன்மொழி எழுதியது:

இடித்தொடை. மெய்ப்பு பார்ப்பவர் 'இடி'யைச் சுழித்து, 'இடுப்பா?' என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறார்.