மகனின் காதுக்கு கிளினிக் கடிதம்: அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்

அக்காமார், அண்ணாமார் எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறோம். மகனுக்கு ஆறு வயது. பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறானில்லை. டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறான், இரவில் வாயைத் திறந்து குறட்டை விடுகிறான். குழப்படி என்று நினைத்து நான் ஏசியும் விட்டேன். இப்போது நினைக்க நெஞ்சு வலிக்கிறது.

குடும்ப டாக்டர் லைட் அடித்துப் பார்த்து, இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டியிருக்கிறது, மூக்குக்குப் பின்னாலுள்ள அடினாய்டு சதையும் வளர்ந்திருக்கலாம் என்றார். சிறுபிள்ளைகளுக்கு இது அடிக்கடி வருமாம், பலருக்குத் தானாகவே வற்றுமாம். ஆனால் மூன்று மாதத்துக்கு மேலாகியும் குறையாததால் காது மூக்கு தொண்டை கிளினிக்குக்குக் கடிதம் தந்தார்.

ஓர் அரசாங்க வைத்தியசாலைக்கு விடிய ஐந்தரைக்கே போய் வரிசையில் நின்றோம். கடிதத்தில் டாக்டரின் சீல் இல்லையென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சரி, சீல் வாங்கியாயிற்று.

இனி பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகலாம் என்றிருக்கிறோம். அங்கே இந்தக் கடிதத்தோடு நேரே கிளினிக்குக்குப் போகலாமா, முதலில் ஓபிடியில் (வெளிநோயாளர் பிரிவில்) காட்ட வேண்டுமா? கேள்திறன் பரிசோதனையை அன்றைக்கே செய்வார்களா? மகனுக்குச் சிங்களம் விளங்காது. சத்தம் கேட்டால் கையைத் தூக்கு என்று தமிழில் சொல்ல நான் பக்கத்தில் நிற்க விடுவார்களா?

அண்மையில் பிள்ளையைக் கொண்டுபோனவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை லீவு போட்டிருக்கிறேன்.