அறிவியல் ஆசிரியர்களுக்கான செய்முறைப் பயிற்சி: வழிகாட்டல் தேவை

அனைவருக்கும் வணக்கம். அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் கற்பிக்கிறேன். ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 50 மணி நேரமாவது தொழில்சார் பயிற்சி பெற வேண்டும் என 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை எதிர்பார்க்கிறது. திக்‌ஷா என்ற அரசின் கல்வித் தளத்தின் இணையவழிப் பாடங்கள் அதற்கு உதவுகின்றன என்றாலும், மாணவர்கள் தாமே மின்சுற்று அமைத்து, அளந்து, வரைபடம் வரைந்து மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள தொடர்பைக் கூறும் ஓம் விதியைக் கண்டடையும்படி வகுப்பை நடத்தும் திறன், காணொளி பார்ப்பதால் மட்டும் வந்துவிடாது என்பதே என் உறுதியான கருத்து.

மும்பையிலுள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் ஆசிரியர் பயிலரங்குகளில் கலந்துகொண்டவர்கள் இங்கு இருந்தால், விண்ணப்பிக்கும் முறை, செலவு, அந்நாட்களைப் பணிநாட்களாகக் கருதத் துறை அனுமதி பெறும் வழி ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டுகிறேன். தமிழிலேயே நடக்கும் ஆய்வகப் பயிற்சி இருந்தால் அதுவே என் முதல் விருப்பம். நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகையான ஆர்டுயினோவைத் தொடக்கத்திலிருந்து சொல்லித்தரும் கோடைப் பயிற்சிகளையும் குறிப்பிடுங்கள்.