"ஈரோடில்" என்று கேட்டால் எரிச்சல் வருவது எனக்கு மட்டும்தானா?

மஞ்சக்காட்டான் கேட்டது:

பெருந்துறைக்காரன் நான். காலையில் டிவி போட்டால் "ஈரோடில் கனமழை", "திருச்செங்கோடில் போக்குவரத்து மாற்றம்" என்கிறார்கள். வீட்டில், ரோட்டில், காட்டில் என்றெல்லாம் ஒழுங்காகச் சொல்கிற அதே வாய்க்கு ஈரோடு வந்ததும் என்ன ஆகிறது? யாராவது "தமிழ்நாடில்" என்பார்களா? சந்தைக்குப் போகிற எங்கள் ஆத்தா பள்ளிக்கூடமே போனதில்லை, அதற்கு "ஈரோட்டுல", "ஈரோட்டுக்கு" என்றுதான் வரும். இப்போது என் மகளும் "ஈரோடுல எறங்கி பஸ் மாறிக்கறேன்" என்கிறாள், திருத்தினால் "புரிஞ்சுதல்லப்பா, விடுங்க" என்று பதில். ஒவ்வொரு செய்திகளிலும் இதையே கேட்டுக் காது புளித்துவிட்டது. உங்களுக்கு எது எரிச்சல்? கொட்டுங்க.

நொய்யல்கரை:

அண்ணா, உங்கள் ஆத்தா சொல்வது நன்னூல் விதி. "நெடிலோடு உயிர்த்தொடர்க் குற்றுகரங்களுள் டறவொற்று இரட்டும்" என்று பள்ளியில் ஒப்பித்திருப்போம். வீடு வீட்டில், ஆறு ஆற்றில், வயிறு வயிற்றில், அதே வரிசையில் ஈரோடு ஈரோட்டில். இதை எழுதிய பவணந்தி முனிவர் உங்கள் பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்பார்கள். கூப்பிடு தூரத்திலேயே விதியை உடைத்தால் மனுசன் என்ன செய்வார்!

எனக்கு எரிவது இதற்கு நேர் எதிரான தப்பு. "இந்தச் சுவற்றில் விளம்பரம் செய்யாதீர்." சுவர் என்ற சொல் ர் என்று முடிகிறது, இரட்டிப்பதற்கு அங்கே ற் ஏது? சுவரில் என்பதுதான் சரி. இது எப்படி வருகிறது என்றால், பேச்சில் கிணற்றில் என்பதைக் "கெணத்துல" என்கிறோம், சுவரில் என்பதையும் "செவுத்துல" என்கிறோம், அப்புறம் பெயின்ட் டப்பாவோடு நின்று எழுதும்போது "த்து" கேட்ட இடத்தில் எல்லாம் "ற்று" போட்டுவிடுகிறோம். செவுத்துல என்று பேசுகிறவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இலக்கணமாக எழுத வேண்டும் என்று மெனக்கெட்டு எழுதி அதனாலேயே தப்பாகிப் போகிறதே, அதுதான் தாங்கவில்லை.

இன்னொன்று, கோவித்துக்கொள்ளாதீர்கள். "ஒவ்வொரு செய்திகளிலும்" கிடையாது, "ஒவ்வொரு செய்தியிலும்".

உடுமலைப் பேத்தி:

என் எரிச்சல் வேறு மாதிரி. வேலைக்குச் சென்னை வந்தேன், என் ஊர் தெரிந்த நாளிலிருந்து ஆபீஸில் எல்லாரும் "ஏனுங்கோ, சாப்டீங்கோளா, டீ வேணுங்கோ" என்று ஆரம்பித்துவிட்டார்கள். சினிமாவில் பார்த்த கொங்குத் தமிழ்! எங்கள் ஊரில் யார் இப்படிச் சொல்லுக்குச் சொல் கோ போட்டு இழுக்கிறார்கள்? பாதி நேரம் அந்த ங்க முழுசாக வெளியே வருவதே இல்லை, "சரிங்", "ஆமாங்", "இல்லீங்" என்று மூக்கிலேயே நின்றுவிடும். எங்கள் அம்மிச்சி பேசுவதைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அந்த ங் இல்லாவிட்டால் சண்டை போடுகிறது என்று அர்த்தம்.

ஒருநாள் போனில் "என்ர அப்பாகிட்டக் கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டேன், ஒரு வாரம் சிரித்தார்கள். அதே "என்ர" யாழ்ப்பாணத்துக்காரர் வாயில் வந்தால் மட்டும் இனிமையாம். போகோணும், வரோணும் என்பதெல்லாம் "வேணும்" தேய்ந்து வந்ததுதான், அவர்கள் "போணும்" என்பது மட்டும் தேயாமல் முழுசாகவா இருக்கிறது? அதனால் அண்ணா, ஈரோடில் என்பதைத் திட்டுங்க, நானும் சேர்ந்துகொள்கிறேன். வட்டாரப் பேச்சையும் பிழைக் கணக்கில் சேர்த்துவிடாதீங்க.

காங்கேயம் காளை:

ழ வராதவர்கள். பொள்ளாச்சியில் இருக்கிற எங்கள் சித்தப்பா போனை எடுத்ததும் "வாள்க வளமுடன்" என்பார். வாழ்த்துகிறாரா வாளை உருவுகிறாரா என்று இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை. நல்ல மனுசன், அதனால் ஒன்றும் சொல்வதில்லை.

மஞ்சக்காட்டான்:

நொய்யல்கரை ஐயா, "செய்திகளிலும்" விஷயத்தில் பிடித்துவிட்டீர்கள். திருத்தவில்லை, அப்படியே கிடக்கட்டும், இல்லாவிட்டால் உங்கள் பதில் படிக்கிறவர்களுக்குப் புரியாது. உடுமலைப் பேத்தி கண்ணு சொல்வதும் சரி, "என்ர" என்பதை நான் எங்கேயும் குறை சொல்லவில்லை, நானே அப்படித்தான் பேசுகிறேன்.

உங்கள் பதிலைப் படித்துவிட்டு ஒரு சந்தேகத்தில் எங்கள் மஞ்சள் கிடங்குக்குப் போய்ப் பார்த்தேன். ரெண்டடி உயர எழுத்தில் "இச்சுவற்றில் போஸ்டர் ஒட்டாதீர்". பெயின்டருக்குச் சீட்டில் எழுதிக் கொடுத்தது நானேதான். நல்லவேளை, யாரோ மாரியம்மன் நோம்பி போஸ்டரைச் சரியாக அந்த "ற்றி" மேலேயே ஒட்டிவைத்திருக்கிறார்கள்.