கடைவீதிக்கு மாதம் 225 ரூபாய்: கட்டலாமா?

வெண்கலக்குடம்:
எங்கள் ஊர் டெல்டாவில் ஒரு நகராட்சி. கும்பகோணத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள் பஸ்ஸில் போய்விடலாம். பெயரைச் சொன்னால் நாளைக்குக் காலையிலேயே கடைக்கு வந்து சண்டை போடுவார்கள், அதனால் வேண்டாம். தேர் ஓடும் வீதிதான் கடைவீதி, சுமார் 120 கடைகள். பேருந்து நிலையம் வீதி முனையில் இருந்தவரை இறங்குகிறவர்கள் எல்லாம் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போனார்கள். அதை ஊருக்கு வெளியே கொண்டுபோன பிறகு கூட்டம் வடிந்துவிட்டது. கல்யாணச் சீர்ப் பாத்திரம் எடுக்க நேராகக் கும்பகோணம் போய்விடுகிறார்கள். மிச்சம் வருகிறவர்களை வீதியே விரட்டுகிறது. மதியத்துக்கு மேல் குப்பை அள்ள ஆள் கிடையாது. மூன்று விளக்குக்கு ஒன்று எரியாது. ஐப்பசி மழையில் சாக்கடை கடைப்படி ஏறும்.

வெளிநாடுகளில் இதற்கு 'பிசினஸ் இம்ப்ரூவ்மென்ட் டிஸ்ட்ரிக்ட்' என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. வணிக மேம்பாட்டு வட்டாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீதியின் வியாபாரிகள் வாக்கெடுத்துத் தங்கள்மேல் தாங்களே ஒரு கட்டணம் போட்டுக்கொள்வார்கள். நகராட்சி அதை வசூலித்து வட்டாரத்திடம் கொடுக்கும், அந்தப் பணம் அந்த வீதிக்கு மட்டுமே செலவாகும். 1970இல் கனடாவின் டொராண்டோ நகரத்தில் புளூர் வெஸ்ட் வில்லேஜ் என்ற கடைவீதியில் ஆரம்பித்தது. அதுவும் நம் கதைதான். அறுபதுகளில் தெருமேல் ஓடிய டிராமுக்குப் பதில் சுரங்க ரயில் வந்தது. கடை வாசலில் இறங்கி ஏறிய ஜனங்கள் பூமிக்கு அடியில் போய்விட்டார்கள். போதாததற்குப் பெரிய மால்கள் வேறு.

நான் போட்ட கணக்கு: கடை வாடகை மாதம் 15,000 என்றால் வருடத்துக்கு 1,80,000. அதில் ஒன்றரை சதவீதம் 2,700, அதாவது மாதம் 225. ஒரு நாளைக்கு ஏழரை ரூபாய்கூட இல்லை, டீ அதைவிட அதிகம். 120 கடைக்கும் சராசரி இதுதான் என்றால் மாதம் 27,000 சேரும். சாயங்காலம் பெருக்க இரண்டு பேர், விளக்கு பார்க்க ஒருவர், தீபாவளிக்கு வீதி முழுக்க சீரியல் செட். என்ன சொல்கிறீர்கள்?

நோட்டுப்புத்தகம்:
அண்ணே, அதே வீதியில் ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிறேன். வாடகைக் கடை. 2022இல் வணிகக் கட்டடங்களுக்குச் சொத்து வரி நூறு சதவீதம் ஏறியது. கட்டடக்காரர் அதை என் வாடகையில் ஏற்றினார். தொழில் வரி கட்டுகிறேன், உரிமக் கட்டணம் கட்டுகிறேன், குப்பைக்குத் தனியாகக் கட்டுகிறேன். பெருக்கவும் விளக்கு போடவும்தானே அந்தப் பணம்? கல்யாண வீட்டில் மொய் வாங்கிக்கொண்டு, சாம்பாருக்குத் தனிக் காசு கேட்ட மாதிரி இருக்கிறது. நீங்கள் 27,000 செலவில் பெருக்கினால் நகராட்சி என்ன செய்யும்? 'அந்த வீதியை அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள்' என்று வருகிற ஒரு வண்டியையும் வேறு தெருவுக்கு அனுப்பிவிடும்.

அரசலாறு:
திருவாரூர்க்காரன், இப்போது இங்கிலாந்தில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்க்கிறேன். எங்கள் கடை இருப்பதே இப்படி ஒரு வட்டாரத்துக்குள்தான். நோட்டுப்புத்தகம் சார் பயப்படுவது நியாயம், அதற்காகவே இங்கே ஒரு வழக்கம் உண்டு. வாக்கெடுப்புக்கு முன்பே நகராட்சி இன்னின்ன வேலைகளை இத்தனை முறை செய்கிறோம் என்று எழுதித் தர வேண்டும். வட்டாரத்தின் பணம் அதற்கு மேல் செய்யும் வேலைக்கு மட்டும். நகராட்சி கை கழுவினால் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போய்க் கேட்கலாம்.

இங்கே 2003இல் சட்டம் வந்தது, 2005இல் லண்டன் பக்கம் கிங்ஸ்டனில் முதல் வட்டாரம் தொடங்கியது. அதிகபட்சம் ஐந்து வருடம்தான். அப்புறம் மறுபடி வாக்கெடுப்பு, தோற்றால் கலைத்துவிட வேண்டும். எங்கள் வீதியில் சீருடை போட்ட ஆட்கள் சுற்றி வருவார்கள். தரையில் ஒட்டிய சூயிங்கத்தைத் தண்ணீர் பீய்ச்சி எடுப்பது, வழி தெரியாதவர்களுக்கு வழி காட்டுவது, திருட்டு நடந்தால் பக்கத்துக் கடைகளுக்குத் தகவல் சொல்வது, எல்லாம் அவர்கள் வேலை. கம்பத்தில் பூக்கூடை தொங்கும், கிறிஸ்துமஸுக்கு விளக்கு. ஊர்க் கடைகள் எல்லாவற்றிலும் செல்லுபடியாகிற ஒரு பரிசு அட்டை உண்டு. வீதியில் எத்தனை பேர் நடக்கிறார்கள் என்று எண்ணக் கருவிகூட வைத்திருக்கிறார்கள். எனக்கு அதுதான் பிடித்தது. விழா நடத்தியதில் கூட்டம் கூடியதா இல்லையா என்று வாய்ச்சவடால் விட முடியாது.

நோட்டுப்புத்தகம்:
வேண்டாம் என்று வாக்குப் போட்டவனும் கட்ட வேண்டுமா?

அரசலாறு:
ஆமாம், கட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் ஜெயிக்க இரண்டு பெரும்பான்மை தேவை. வாக்களித்தவர்களில் பாதிக்கு மேல் 'சரி' சொல்ல வேண்டும். அவர்களுடைய கட்டட மதிப்பைக் கூட்டினாலும் பாதியைத் தாண்ட வேண்டும். பெரிய ஜவுளிக்கடை நான்கு சேர்ந்து சின்னக் கடைகளை அமுக்க முடியாது, சின்னக் கடைகள் சேர்ந்து பெரியவர்களிடம் பிடுங்கவும் முடியாது. ஒரு ஓட்டை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். குறைந்தது இத்தனை பேர் வாக்களிக்க வேண்டும் என்ற வரம்பு இங்கிலாந்தில் இல்லை. ஸ்காட்லாந்தில் 25 சதவீதம் என்று வைத்திருக்கிறார்கள்.

பழைய ரெக்கார்டு:
நகராட்சியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். முதலில் ஒன்று: இப்படிக் கட்டாயமாக வசூலித்து வீதி அமைப்பிடம் கொடுக்க நம் மாநிலத்தில் சட்டம் இல்லை. வியாபாரிகள் சங்கம் சந்தாதான் கேட்கலாம். சந்தா எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். நாங்கள் குடியிருந்த தெருவில் இரவுக் காவலுக்கு ஆள் வைத்தோம். முதல் மாதம் எல்லோரும் கொடுத்தார்கள். நாலாவது மாதம், கொடுக்காதவன் வீட்டையும் சேர்த்துத்தானே காவல் காக்கிறார் என்று பாதிப் பேர் நிறுத்தினார்கள். ஆறாவது மாதம் காவல்காரரே நின்றுவிட்டார்.

'நமக்கு நாமே' திட்டம் இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு போடும். வடிகால் மூடி, விளக்குக் கம்பம் போன்ற ஒருமுறை வேலைக்கு நல்லது. மாதாமாதம் பெருக்குகிறவருக்குக் கூலி கொடுக்க உதவாது.

இரண்டாவது சிக்கல் இதைவிடப் பெரியது. டெல்டாவில் கடைவீதி யாருடையது? பாதிக்கு மேல் கோயில் நிலமாக இருக்கும், இல்லாவிட்டால் மடத்து நிலம். அதன்மேல் 'பகுதி' என்கிற மனை வாடகை, அதற்கு உள்வாடகை. யாருக்கு வாக்கு?

நோட்டுப்புத்தகம்:
என் கதையே அதுதான் ஐயா. பட்டாவில் சுவாமி பெயர், ரசீதில் யாரோ ஒருவருடைய தாத்தா பெயர், கல்லாவில் நான். வாக்குச்சீட்டு அந்தத் தாத்தா பெயருக்கு வரும், பில் எனக்கு வரும்.

அரசலாறு:
இங்கிலாந்தில் கடை நடத்துகிறவருக்குத்தான் வாக்கு, பில்லும் அவருக்கே. நியூயார்க்கில் இப்படி 70க்கு மேல் வட்டாரங்கள் இருக்கின்றன. அங்கே கட்டட உரிமையாளர்தான் கட்ட வேண்டும், நிர்வாகக் குழுவிலும் அவர்கள்தான் அதிகம். அவர்களும் வாடகை ஒப்பந்தத்தில் அதைக் கடைக்காரர் தலையில் கட்டிவிடுவது உண்டு.

வெண்கலக்குடம்:
சட்டம் இல்லாமல் நடக்காது என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நம் ஆட்கள் மகமை வசூலித்தவர்கள்தானே? மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்து வைத்து, சிவகாசி, விருதுநகர்ப் பக்கம் பள்ளிக்கூடமே நடத்தினார்கள். சோழர் காலத்தில் வணிகர் சபைக்கு 'நகரம்' என்றே பெயர். கோயில் செலவுக்குச் சரக்குமேல் அவர்களே தீர்வை போட்டுக்கொண்டதைக் கல்வெட்டில் வெட்டி வைத்திருக்கிறார்கள். டொராண்டோக்காரனா நமக்குச் சொல்லித்தர வேண்டும்?

பழைய ரெக்கார்டு:
பெருமையில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் மகமை எதனால் வசூலானது? பின்னால் உறவின்முறை என்ற சாதிச் சபை இருந்தது. கொடுக்காதவன் வீட்டுக் கல்யாணத்துக்கு யாரும் போக மாட்டார்கள். உங்கள் வீதியில் செட்டியார் கடை, ராவுத்தர் கடை, ராஜஸ்தானில் இருந்து வந்த அடகுக்கடை, பேக்கரி வைத்த கேரளாக்காரர் எல்லாம் இருக்கிறார்கள். யார் யாரைத் தள்ளி வைப்பது? தள்ளி வைக்கக்கூடாது என்பதும் இருக்கிறது. சாதிக் கட்டு செய்த வேலையைச் செய்ய வாக்குச்சீட்டும் சட்டமும் வேண்டும், அதைத்தான் சொல்கிறேன்.

கதம்பம்:
120 கடை என்று எண்ணினீர்களே ஐயா, தரையில் உட்காருகிறவர்களை எண்ணினீர்களா? என் அம்மா அந்தக் கோயில் வாசலில் பூ விற்கிறார். காலை ஐந்து மணிக்குத் தன் இடத்தைத் தானே கூட்டி, தண்ணீர் தெளித்துத்தான் கூடையை இறக்குகிறார். அங்கே உட்கார்ந்து விற்பதற்குத் தினமும் அடிக்காசு 20 ரூபாய் கொடுக்கிறார். மாதம் 600. உங்கள் ஷட்டர் கடைக்கு நீங்கள் போட்டது 225.

'வீதியை மேம்படுத்துவது' என்று தொடங்கினால் முதலில் எதை அப்புறப்படுத்துவார்கள் என்று எங்களுக்குத் தெரியும். சீருடைக்காரர் வழி காட்டுவாராம். எங்களுக்கு எந்த வழியைக் காட்டுவார்? 2014ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டப்படி கணக்கெடுத்துச் சான்று கொடுக்கும்வரை யாரையும் எழுப்பக்கூடாது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் தெரு வியாபாரிகளே இருக்க வேண்டும். உங்கள் வட்டாரத்தில் எங்களுக்கு எத்தனை வாக்கு?

வெண்கலக்குடம்:
அம்மா, உங்கள் தாயாரிடம்தான் முப்பது வருடமாகக் கடைச் சாமி படத்துக்குப் பூ வாங்குகிறேன். அவரை எழுப்ப நான் ஏன் நினைக்கப் போகிறேன்? என் கோபம் வேறு. தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் எங்கிருந்தோ தள்ளுவண்டிகள் வந்து என் ஷட்டருக்கு நேரே நிற்கின்றன. குறுவை அறுத்த பணம் கையில் புரளும் நேரம் அது ஒன்றுதான். அந்தப் பத்து நாள் வியாபாரத்தில்தான் நான் வருடத்தை ஓட்டுகிறேன். வாசலை மறைத்தால் வயிறு எரியாதா?

கதம்பம்:
எரியும். அம்மாவுக்கும் எரிகிறது, அந்த வண்டிகள் அவர் இடத்தையும் பிடிக்கின்றன. அதை யார் ஒழுங்கு செய்வது என்று பேசினால் நாங்களும் வருகிறோம். ஆனால் வருடம் முழுக்க உட்காருகிறவரையும் பத்து நாள் வண்டியையும் ஒரே பெயரில் 'ஆக்கிரமிப்பு' என்று எழுதினால் வர மாட்டோம். இன்னொன்று, பூ வாங்க வருகிறவர்கள்தான் அப்படியே உங்கள் கடைக்குள் எட்டிப் பார்க்கிறார்கள். அந்தக் கருவியை வைத்து எண்ணிப் பாருங்கள்.

நோட்டுப்புத்தகம்:
600 ரூபாய் விஷயம் எனக்கு உறைத்துவிட்டது. 225க்கு நான் இவ்வளவு கத்தினேன். ஆனாலும் நான் கட்டப் போவதில்லை. நகராட்சி இப்போது என்ன செய்கிறது என்று தெரியாமல் 'அதற்கு மேல்' என்று எதைச் சொல்வது?

பழைய ரெக்கார்டு:
அந்தக் காகிதத்தை நீங்களே தயாரியுங்கள், அதற்குக் காசு வேண்டாம். குப்பை வண்டி எந்த நாள், எத்தனை மணிக்கு வந்தது, எந்தக் கம்பத்தில் விளக்கு இல்லை என்று மட்டும் இரண்டு வாரம் குறியுங்கள். கம்பத்தில் எண் இருக்கும். தேதி போட்டு எழுதிய காகிதத்துக்கு அலுவலகத்தில் எப்போதும் ஒரு பயம் உண்டு, முப்பது வருடம் பயந்தவன் சொல்கிறேன்.

நோட்டுப்புத்தகம்:
நோட்டு என் கடையில் இருந்து. இலவசம்.

கதம்பம்:
அம்மாவுக்கு எழுத வராது. வண்டி வந்த நாளுக்கு நாரில் ஒரு முடிச்சு போடச் சொல்லியிருக்கிறேன்.

வெண்கலக்குடம்:
ஒரு வாரம் ஆயிற்று. விளக்குப் பட்டியல் என் பொறுப்பு: 41 கம்பத்தில் 13 எரியவில்லை. வண்டிக் கணக்கைச் சொல்லுங்கள்.

நோட்டுப்புத்தகம்:
மூன்று நாள் வந்தது.

கதம்பம்:
நாரில் இரண்டு முடிச்சுதான் இருக்கிறது. வியாழக்கிழமை நீங்கள் பார்த்தது செங்கல் இடிபாடு ஏற்றிய டிராக்டராம். அது போனது ஒன்பதரைக்கு, நீங்கள் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தீர்களாம்.